முன்முகத்துக் காற்றின் பங்கீடு



இந்தக் கருத்தரங்கின் நிகழ்ச்சி நிரலில் இன்டர்கூலர் கட்டுரைகள் ஓர் அமர்விலும் பிரேக் கட்டுரைகள் மற்றோர் அமர்விலும் இடம்பெற்றிருக்கின்றன. வசதிக்காகச் செய்த பிரிவு அது. ஆனால் எஞ்சின் முன்னால் உள்ள ஸ்போர்ட்ஸ் காரின் முன்முகத்தில் நுழையும் காற்று ஒன்றே. இன்டர்கூலர், ரேடியேட்டர், பிரேக் டிஸ்க் மூன்றும் அதில்தான் பங்கு கேட்கின்றன. இந்தப் பங்கீட்டைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

1975-இல் வந்த போர்ஷே 911 டர்போவில் இன்டர்கூலர் கிடையாது. 1978-இல் எஞ்சின் 3.3 லிட்டராகப் பெருத்தபோது, பின் இறக்கைக்கு அடியில் இன்டர்கூலர் வந்தது. திறன் 260-இலிருந்து 300 குதிரைத்திறன் ஆனது. அதே ஆண்டில் அந்தக் காருக்கு 917 பந்தயக் காரின் வழிவந்த பிரேக்குகளையும் பொருத்தினார்கள். இரண்டும் சேர்ந்து வந்ததை நான் முக்கியமாகக் கருதுகிறேன். எஞ்சின் பின்னால் இருந்ததால் இன்டர்கூலரும் பின்னாலேயே நின்றது. முன் பிரேக்குக்குப் போகும் காற்றில் அது கை வைக்கவில்லை. முன்னால் எஞ்சின் உள்ள கார்களுக்குப் பெரும்பாலும் அந்த வாய்ப்பு இல்லை.

30 பாகை செல்சியஸ் காற்றை டர்போ இரு மடங்கு அழுத்தத்துக்குக் கொண்டுபோனால், அது ஏறக்குறைய 125 பாகைக்குச் சூடாகிறது. இன்டர்கூலர் அதை 50 பாகைக்கு இறக்கினால் அடர்த்தி 20 விழுக்காட்டுக்கு மேல் கூடும். எஞ்சினுக்கு அது விருந்து. அதனால் நேர்ப்பாதையின் முடிவில் மணிக்கு 200 கிலோமீட்டரில் வந்த 1500 கிலோ கார், இப்போது 210-இல் வருகிறது என்று வையுங்கள். வளைவுக்காக 80-க்குக் குறைக்க வேண்டும். முன்பு பிரேக்குகள் ஏறத்தாழ 19 லட்சம் ஜூல் ஆற்றலை விழுங்கின; இப்போது ஏறத்தாழ 22 லட்சம். வேகம் ஏறியது 5 விழுக்காடு, சுமை ஏறியது 12 விழுக்காடு. போதாததற்கு, அடுத்த வளைவு முன்னிலும் சீக்கிரம் வந்துவிடுவதால் டிஸ்க் ஆறும் நேரமும் குறைகிறது.

முன்னால் எஞ்சின் உள்ள காருக்கு உதாரணமாக, ஆடி எஸ்4 காரின் பி5 தலைமுறையை எடுத்துக்கொள்வோம். 2.7 லிட்டர், இரட்டை டர்போ. இன்டர்கூலர்கள் இரண்டும் பம்பரின் இரு மூலைகளில், முன் சக்கரங்களுக்கு நேர் முன்னால் இருக்கின்றன. அவற்றைக் கடந்த காற்று வெளியேறும் இடம் வீல் ஆர்ச். இதே காரிலிருந்து பிறந்த 380 குதிரைத்திறன் ஆர்எஸ்4-க்குப் பெரிய இன்டர்கூலர்களைத் தந்தபோது ஆடி பம்பரின் காற்று வாய்களையும் அகலப்படுத்தியது, பிரேக்குகளையும் பெரிதாக்கியது. எஸ்4 வைத்திருக்கும் ஆர்வலர் பலர் இன்டர்கூலரை மட்டும் மாற்றுகிறார்கள். பிரேக்குக்குக் காற்றுக் குழாய் இழுக்க எஞ்சியிருந்த மூலையும் அதோடு போய்விடுகிறது.

இங்கே ஒரு தவறான அச்சம் பரவியிருக்கிறது: இன்டர்கூலரிலிருந்து வரும் வெப்பக்காற்று பிரேக்கைச் சுட்டுவிடும் என்பது. கணக்கிட்டுப் பார்ப்போம். இன்டர்கூலர் 20 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றுகிறது, அதைக் கடக்கும் காற்று நொடிக்கு 0.8 கிலோ என்றால், அந்தக் காற்று சுமார் 25 பாகைதான் சூடாகும். 500 பாகையில் இருக்கும் டிஸ்க்குக்கு 30 பாகைக் காற்றுக்குப் பதில் 55 பாகைக் காற்று கிடைத்தால் குளிர்ச்சியில் 5 விழுக்காடு மட்டுமே இழப்பு. காற்றோட்டம் பாதியாகக் குறைந்தாலோ, அதனால் நிகழும் குளிர்ச்சியில் 40 விழுக்காடு வரை போய்விடும். ஆகவே நாம் கவலைப்பட வேண்டியது வந்து சேராத காற்றைப் பற்றித்தான்.

அது ஏன் வந்து சேர்வதில்லை? காற்றை ஓட்டுவது அழுத்த வேறுபாடு. இன்டர்கூலரின் காற்று முழுவதும் வீல் ஆர்ச்சுக்குள் கொட்டி, வெளியேற வழியில்லாமல் நின்றால் அங்கே அழுத்தம் ஏறும். பிரேக் குழாயின் ஓட்டம் தளரும், காரின் முன்பக்கமும் மேலெழப் பார்க்கும். சன்னலைத் திறந்துவைத்துக் கதவைச் சாத்திய வீட்டில் காற்று ஓடாது. ஃபெண்டரில் வெட்டும் திறப்புகளுக்கு இதனால்தான் மதிப்பு. குழாயின் வாய் எங்கே பார்க்கிறது என்பதும் முக்கியம். காற்று இடைவெளி கொண்ட டிஸ்க் சுழலும்போது நடுப்பகுதியிலிருந்து காற்றை உறிஞ்சி விளிம்பு வழியாகத் தள்ளும். குழாய் அந்த நடுவுக்கு ஊட்ட வேண்டும். முகப்பில் அடித்தால் ஒரு பக்கம் மட்டும் குளிரும்.

பிரேக்கின் குளிர்ச்சி உயிர் சம்பந்தப்பட்டது என்பதால்தான் வற்புறுத்திச் சொல்கிறேன். டாட் 4 பிரேக் ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை. ஈரம் ஏறியபின் அது 155 வரை இறங்கலாம். ஆறாத டிஸ்க்கின் சூட்டில் ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் தளர்ந்து உள்ளே இறங்கும், கார் நிற்காது.

ஆகவே கட்டுரை படிக்க இருப்போரிடம் ஒரு வேண்டுகோள். இன்டர்கூலருக்கு முன்னும் பின்னும் வெப்பநிலை சொல்லும் இடத்தில், அதே சுற்றில் முன் டிஸ்க்கின் வெப்பநிலையையும் வீல் ஆர்ச்சின் அழுத்தத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். அளக்காதவர்கள் அளக்கவில்லை என்றே சொல்லுங்கள். அதுவும் அவைக்குப் பயன்படும். இரு அமர்வுகளின் தலைவர்களும் இறுதி விவாதத்தை ஒரே அறையில் நடத்த இசைந்திருக்கிறார்கள். முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.