குறித்த தேதியில் கட்டி முடிக்க...



வணிக வளாகம் கட்டும்போது உரிமையாளர் தினமும் கேட்பது: "சார், எப்ப முடியும்?" நாலரை மீட்டருக்கு மேல் நீளும் ஸ்லாபின் சென்ட்ரிங் முட்டுகள் குறைந்தது 14 நாள் நிற்கணும், ஐ.எஸ். 456 விதி அது. தீபாவளித் திறப்பு விழாவுக்காக ஏழாம் நாளே பிரித்தால், கீழே நிற்கும் தொழிலாளியின் உயிருக்கு யார் பொறுப்பு?

அப்போ நாட்களை எங்கே மிச்சம் பிடிப்பது? நியூயார்க்கின் 102 மாடி எம்பயர் ஸ்டேட் கட்டடம் 1930 மார்ச்சில் தொடங்கி 1931 மே முதல் தேதி திறக்கப்பட்டது. இரும்பைக் குவித்து வைக்க இடமில்லை. தேவைப்படும் வேளைக்கே வந்து சேரும்படி திட்டமிட்டார்கள். நாமும் லிஃப்ட் ஆர்டர், மின் இணைப்பு மனு, இறுதி வரைபடம் மூன்றையும் அஸ்திவாரம் தோண்டும்போதே முடிச்சுடணும். கான்கிரீட்டை அவசரப்படுத்தாதீங்க, காகித வேலையை விரட்டுங்க.