மேடையில் ஒரு பேச்சு, அவையில் ஒரு வாக்கு

(நமது சங்கத்தின் மும்பை மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம்முடைய பிரதிநிதிகள் சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் எப்படி வாக்களிக்கிறார்கள், அந்த வாக்கு அவர்களுடைய கட்சி வெளியே சொல்வதோடு ஒத்துப்போகிறதா என்பதைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இது படித்தவர்கள் சமாச்சாரம், கூலிக்கு வேலை செய்கிறவனுக்கு இதில் என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். உண்மை நேர்மாறானது. நம் கூலி எவ்வளவு, வேலை நேரம் எவ்வளவு, காண்ட்ராக்டர் ஏமாற்றினால் தட்டிக் கேட்க ஒரு சட்டம் உண்டா இல்லையா என்பதெல்லாம் அந்த வாக்கில்தான் முடிவாகிறது. மேடைப் பேச்சினால் எந்தச் சட்டமும் வந்ததில்லை, எந்தச் சட்டமும் போனதுமில்லை.

நம்மவர்களில் மளிகைக் கடை வைத்திருப்பவர்கள் இங்கே இருக்கிறீர்கள். வாடிக்கைக்காரர் "கொடுத்துவிட்டேன்" என்று வாயால் சொன்னால் உங்கள் கணக்கு தீருமா? நோட்டைப் புரட்டித்தான் பார்ப்பீர்கள். கட்சிகளுக்கும் அப்படி ஒரு நோட்டு உண்டு. அதைப் புரட்டிப் பார்க்கிற பழக்கம்தான் நமக்கு இல்லை.

வாக்கு எப்படிப் பதிவாகிறது?

ஒரு மசோதா முடிவுக்கு வரும்போது ஆதரிப்பவர்கள் "ஆம்" என்றும், எதிர்ப்பவர்கள் "இல்லை" என்றும் குரல் கொடுப்பார்கள். எந்தக் குரல் ஓங்கியது என்று சபாநாயகர் அறிவிப்பார். இதுதான் குரல் வாக்கெடுப்பு. பெரும்பாலான மசோதாக்கள் இப்படித்தான் நிறைவேறுகின்றன. இதில் யார் ஆம் என்றார், யார் இல்லை என்றார் என்று ஒரு பெயர்கூட எழுதப்படுவதில்லை. சபாநாயகரின் அறிவிப்பை ஏற்காமல் உறுப்பினர்கள் எழுந்து "டிவிஷன்" கேட்டால்தான் வாக்குகள் எண்ணப்படும்; பெயர்ப் பட்டியலும் அவை நடவடிக்கைக் குறிப்பில் ஏறும்.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அரசியல் சட்டத்தின் 100-ஆவது பிரிவின்படி, சாதாரண மசோதாவுக்கு வேண்டியது அவையில் இருந்து வாக்களிப்பவர்களின் பெரும்பான்மை மட்டுமே. 200 பேர் வாக்களித்தால் நிறைவேற 101 வாக்கு வேண்டும். எதிர்ப்பவர்களில் 20 பேர் வெளியே போய்விட்டால் 91 வாக்கே போதும். ஆகவே வெளிநடப்பு என்பது பத்திரிகையில் எதிர்ப்பாகத் தெரியும்; அவைக் கணக்கில் அது மசோதாவுக்குச் செய்த உதவி.

கொறடா உத்தரவு

1967-இல் ஹரியானாவில் கயா லால் என்ற சட்டமன்ற உறுப்பினர் இரண்டே வாரத்துக்குள் மூன்று முறை கட்சி மாறினார். "ஆயாராம் கயாராம்" என்ற பேச்சு அப்படித்தான் பிறந்தது. அந்தக் கேட்டைத் தடுக்க 1985-இல் 52-ஆவது திருத்தத்தின் மூலம் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது. கட்சியைத் தானாக விட்டுவிலகினால் பதவி போகும். அது மட்டுமல்ல, கட்சியின் உத்தரவுக்கு மாறாக, முன் அனுமதி இல்லாமல் வாக்களித்தாலும் வாக்களிக்காமல் ஒதுங்கினாலும், 15 நாளுக்குள் கட்சி மன்னிக்காவிட்டால் பதவி போகும்.

நோக்கம் நல்லதுதான். ஆனால் விளைவு என்ன? இன்று ஓர் உறுப்பினரின் வாக்கை எடுத்துப் பார்த்தால், அது அநேகமாக எப்போதும் அவருடைய கொறடா சொன்னபடியே இருக்கும். மாறாக நிற்பவர்கள் அபூர்வம். 1999 ஏப்ரல் 17 அன்று வாஜ்பாய் அரசு 269-க்கு 270 என்று ஒரே வாக்கில் கவிழ்ந்தது நினைவிருக்கும். அன்று தேசிய மாநாட்டுக் கட்சி அரசை ஆதரித்தது. அதன் உறுப்பினர் சைபுதீன் சோஸ் எதிர்த்து வாக்களித்தார், கட்சியிலிருந்து நீக்கப்பட்டார்.

1992-இல் உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டம் செல்லும் என்று சொன்னது. கூடவே, இந்தக் கட்டுப்பாடு அரசின் உயிர் ஊசலாடும் நம்பிக்கை வாக்கெடுப்புக்கும், எந்தக் கொள்கையைச் சொல்லிக் கட்சி மக்களிடம் வாக்கு வாங்கியதோ அந்தக் கொள்கை சம்பந்தப்பட்ட விஷயங்களுக்கும்தான் பொருந்த வேண்டும் என்றும் சொன்னது. நடப்பிலோ எல்லாவற்றுக்கும் கொறடா உத்தரவு வருகிறது.

ஆகவே, "எங்கள் எம்.பி. கட்சிக்குத் துரோகம் செய்தாரா?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் பிரயோஜனம் இல்லை. "கட்சி தான் மக்களிடம் சொன்ன சொல்லுக்கு அவையில் துரோகம் செய்ததா?" என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

மூன்று பக்கங்கள்

அந்த நோட்டில் மூன்று பக்கங்களைப் புரட்டிக் காட்டுகிறேன். கட்சி பார்த்து எடுக்கவில்லை. நம் வீட்டில் உதயசூரியனும் உண்டு, இரட்டை இலையும் உண்டு என்பது எனக்குத் தெரியும்.

முதல் பக்கம், 2012 டிசம்பர் 5. சில்லறை வணிகத்தில் அந்நிய நேரடி முதலீட்டை எதிர்த்து மக்களவையில் ஒரு தீர்மானம். தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் பெட்டிக் கடை நடத்துகிறவர்களின் வயிற்றைத் தொட்ட விஷயம். தி.மு.க. இந்த முதலீட்டை எதிர்ப்பதாகச் சொன்ன கட்சி. செப்டம்பரில் நடந்த கடையடைப்பையும் ஆதரித்தது. வாக்கு வந்தபோது அரசின் பக்கம் நின்றது. பாரதிய ஜனதா ஆட்சிக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காக அரசைக் காப்பாற்றுகிறோம் என்று காரணத்தையும் வெளிப்படையாகச் சொன்னது. சமாஜ்வாதி, பகுஜன் சமாஜ் ஆகிய இரு கட்சிகளும் எதிர்த்துப் பேசிவிட்டு வெளிநடப்புச் செய்தன. தீர்மானம் 218-க்கு 253 என்று தோற்றது. பேச்சை எண்ணினால் அரசு தோற்றிருக்கும். எண்ணப்பட்டது வாக்கு.

இரண்டாவது பக்கம், 2019 ஜூலை. முத்தலாக் மசோதா. மக்களவையில் அ.தி.மு.க.வுக்கு இருந்தவர் ஒரே உறுப்பினர்; அவர் ஆதரித்துப் பேசினார். சில நாள் கழித்து, ஜூலை 30 அன்று, மாநிலங்களவையில் அதே கட்சியின் உறுப்பினர் எதிர்த்துப் பேசினார். பிறகு கட்சி வெளிநடப்புச் செய்தது. மசோதா 99-க்கு 84 என்று நிறைவேறியது. மசோதா நல்லதா கெட்டதா என்பது வேறு வாதம். ஒரே கட்சிக்கு ஒரே வாரத்தில் இரண்டு அவையில் இரண்டு நிலை என்றால், ஊரில் வாக்குக் கேட்கும்போது எதைக் காட்டிக் கேட்பார்கள்? ஆளுக்கு ஏற்றதைக் காட்டுவார்கள்.

மூன்றாவது பக்கம், 2019 டிசம்பர் 11. குடியுரிமைத் திருத்த மசோதா. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றிலிருந்தும் வந்த ஆறு மதத்தவருக்கு வழி செய்தார்கள். முஸ்லிம்களுக்கு அதில் இடமில்லை. தமிழ்நாட்டு முகாம்களில் ஆண்டாண்டு காலமாக இருக்கும் இலங்கைத் தமிழருக்கும் இடமில்லை. மாநிலங்களவையில் 125-க்கு 105 என்று நிறைவேறியது. அ.தி.மு.க. ஆதரித்து வாக்களித்தது. வித்தியாசம் 20. அதாவது 11 பேர் அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் மாறியிருந்தால் முடிவே மாறியிருக்கும். 2021 சட்டமன்றத் தேர்தல் வந்தது. அதே கட்சியின் தேர்தல் அறிக்கையில், இந்தச் சட்டத்தைக் கைவிடுமாறு மத்திய அரசை வற்புறுத்துவோம் என்று அச்சிட்டார்கள். கையில் வாக்கு இருந்த நாளில் ஆதரவு. வாக்கு முடிந்த பிறகு கோரிக்கை.

யாருக்கு எந்தச் சட்டம்?

கொறடா சட்டமும் எல்லோருக்கும் ஒரே மாதிரி வேலை செய்கிறதா என்றால், அதுவும் இல்லை. 2017 பிப்ரவரி 18 அன்று தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் எடப்பாடி பழனிசாமி அரசு 122-க்கு 11 என்று நம்பிக்கை வாக்கு பெற்றது. எதிர்த்தவர்கள் ஓ. பன்னீர்செல்வமும் அவரோடு நின்ற பத்து அ.தி.மு.க. உறுப்பினர்களும். அவர்கள் பதவி போகவில்லை; ஆகஸ்டில் அவரே துணை முதலமைச்சரானார். அதற்கு மறுநாள், முதலமைச்சர் மீது நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்த 18 பேரைச் செப்டம்பர் 18 அன்று சபாநாயகர் தகுதி நீக்கம் செய்தார். அவர்கள் அவையில் எதிர்த்து வாக்களித்தவர்கள் அல்ல. 2018 அக்டோபரில் உயர் நீதிமன்றமும் அந்த நீக்கம் செல்லும் என்றது. 18 தொகுதி மக்கள் 2019 வரை உறுப்பினர் இல்லாமல் இருந்தார்கள்.

நாம் பிழைக்க வந்த இந்த மகாராஷ்டிரத்திலும் 2022-இல் சிவசேனை பிளந்தபோது, யாருடைய கொறடா உண்மையான கொறடா என்பதே வழக்கானது. கொறடாவை நியமிக்கும் உரிமை கட்சிக்குத்தான், சட்டமன்றக் குழுவுக்கு அல்ல என்று 2023 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 ஜனவரி 10 அன்று சபாநாயகர் ஷிண்டே அணியே உண்மையான சிவசேனை என்று சொல்லி, இரு தரப்பிலும் ஒருவரையும் நீக்காமல் விட்டார். தீர்ப்புச் சொல்கிற சபாநாயகரே ஒரு கட்சியின் சார்பில் வென்று வந்தவர் என்பதை நீங்கள் மறந்துவிட வேண்டாம்.

நம் பக்கம் வெறுமையாக இருக்கிறது

இனி நம்முடைய சொந்த விஷயத்துக்கு வருகிறேன். வெளிமாநிலத்தில் வேலை செய்கிறவர்களுக்கென்று 1979-இல் ஒரு சட்டம் வந்தது. ஐந்து வெளிமாநிலத் தொழிலாளர்களை வைத்து வேலை வாங்குகிற இடத்துக்கும் அது பொருந்தியது. காண்ட்ராக்டர் உரிமம் பெற வேண்டும். ஊர் விட்டு ஊர் வந்ததற்கு மாதக் கூலியில் பாதி அல்லது 75 ரூபாய், இதில் எது அதிகமோ அதைப் படியாகத் தர வேண்டும் என்றது. அது ஒழுங்காக அமலாகவில்லை என்பது நமக்குத் தெரியும். ஆனாலும் கேட்பதற்கு ஒரு சட்டம் இருந்தது.

2020 செப்டம்பரில் மூன்று தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் வந்தன. 22-ஆம் தேதி மக்களவை, 23-ஆம் தேதி மாநிலங்களவை. எதிர்க்கட்சிகள் வேறொரு பிரச்சினைக்காக அவையைப் புறக்கணித்திருந்தன. குரல் வாக்கெடுப்பில் எல்லாம் நிறைவேறின. ஐந்து என்ற எண்ணிக்கை பத்தாயிற்று. பாதிக் கூலிப் படி போயிற்று. காண்ட்ராக்டர் இல்லாமல் தானாக வந்த தொழிலாளியையும் கணக்கில் சேர்த்தது ஒரு நன்மை; அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2025 நவம்பர் 21 அன்று இவை நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டன.

லட்சக்கணக்கான தொழிலாளிகள் கால்நடையாக ஊர் திரும்பிய அதே ஆண்டில், அவர்களுடைய சட்டம் இப்படி மாறியது. யார் ஆதரித்தார், யார் எதிர்த்தார் என்று பெயர்ப் பட்டியல் கேட்டால், அப்படி ஒரு பட்டியலே கிடையாது. ஆதரித்தவர் பெயரும் இல்லை. எதிர்ப்பதாகச் சொன்னவர் வாக்கும் இல்லை. நம் பக்கம் மட்டும் வெறுமையாக இருக்கிறது. அதே கூட்டத்தொடரில், ஊரடங்கில் இறந்த புலம்பெயர் தொழிலாளர் எத்தனை பேர் என்ற கேள்விக்கு, அப்படிப்பட்ட கணக்கு வைக்கப்படவில்லை என்று தொழிலாளர் அமைச்சகம் எழுத்தில் பதில் தந்தது. யாரோ கேட்டதால்தான் அந்தப் பதிலாவது குறிப்பில் ஏறியது.

நாம் செய்ய வேண்டியது

கொறடாவுக்குக் கட்டுப்பட்டவர் என்பதால் உறுப்பினர் ஒன்றும் செய்ய முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். கேள்வி கேட்பது அவர் கையில் இருக்கிறது. திருத்தம் கொடுப்பதும் டிவிஷன் கேட்பதும் அவர் கையில் இருக்கிறது. எதிர்க்கட்சி வரிசையில் இருந்த திருச்சி சிவா கொண்டுவந்த திருநங்கையர் உரிமைத் தனிநபர் மசோதா 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவையில் நிறைவேறியதே! மக்களவையில் அது சட்டமாகவில்லை என்றாலும், மனம் வைத்தால் ஓர் உறுப்பினரால் எவ்வளவு தூரம் போக முடியும் என்று அது காட்டியது.

ஆகவே வாக்குக் கேட்டு வருகிறவரிடம் நான்கு கேள்வி கேளுங்கள். எங்கள் விஷயம் வந்த நாளில் அவையில் இருந்தீர்களா? என்ன வாக்களித்தீர்கள்? டிவிஷன் கேட்டீர்களா? உங்கள் கட்சி வெளியே சொன்னதும் அவையில் செய்ததும் ஒன்றுதானா? பெயர் ஊரில் இருந்தால் ஊர் உறுப்பினரிடம் கேளுங்கள். பெயர் இங்கே இருந்தால் இங்குள்ளவரிடம் கேளுங்கள். தமிழில் எழுதிக் கொடுத்தால் நம் சங்கத்துப் பிள்ளைகள் மராத்தியில் எழுதித் தருவார்கள். இரண்டு அவைகளின் நடவடிக்கைக் குறிப்பும் இன்று கைப்பேசியிலேயே கிடைக்கிறது; பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளைத் தேடிப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

சங்கம் ஒரு நோட்டுப் போட வேண்டும் என்பது என் யோசனை. ஒரு பக்கம் கட்சிகளின் தேர்தல் அறிக்கை, எதிர்ப்பக்கம் அவையில் விழுந்த வாக்கு. எந்தக் கட்சிக்காரரும் வந்து பார்க்கலாம். பிழை இருந்தால் திருத்தலாம். அடுத்த தேர்தலில் நம் தெருவுக்கு எந்தக் கொடி வந்தாலும், முதலில் அந்த நோட்டை எடுத்து மேசை மேல் வையுங்கள். பிறகு பேசச் சொல்லுங்கள்.