ஓர் ஆய்வாளரும் அவர்தம் மேற்கோள்களும்

(சங்கத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழாவிற்குத் தலைமையாசிரியன் ஒருவனை அழைத்தால் அவன் ‘படியுங்கள், படியுங்கள்’ என்றுதான் பேசுவான் என்பது உங்களுக்குத் தெரியும். இருபத்தைந்து ஆண்டுகளாக அதனைக் கேட்டு வருகிறீர்கள். ஆகவே இன்று, படித்தவர் எழுதுவதைப் பற்றியும், எழுதியதைப் பிறர் எடுத்துச் சொல்வதைப் பற்றியும் பேச விழைகிறேன்.

இதற்குக் காரணமாக அமைந்தது என் பழைய மாணவன் ஒருவன் கேட்ட கேள்வி. ஒரகடம் பக்கத்தில் வண்டித் தொழிற்சாலை ஒன்றில் அவன் ஒப்பந்தத் தொழிலாளி. படப்பைப் பேருந்து நிறுத்தத்தில் கண்டபோது, “ஐயா, எங்கள் வரிசையில் முதலில் வெள்ளை வண்டி வருகிறது, பிறகு சிவப்பு, மறுபடியும் வெள்ளை. எது முன்னே, எது பின்னே என்று யார் ஐயா முடிவு செய்கிறார்கள்?” என்று கேட்டான். மேற்பார்வையாளரைக் கேட்டானாம்; ‘மேலேயிருந்து வருகிறது’ என்றாராம். நான் வரலாறு படித்தவன். எனக்கும் விடை தெரியவில்லை. எங்கள் பள்ளிக் கணித ஆசிரியரிடம் மாணவனாக அமர்ந்து சில மாலைகளில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

‘மேலேயிருந்து’ வருவதற்கு ஒரு பெயர் உண்டு. அது செயல்பாட்டு ஆராய்ச்சி. இரண்டாம் உலகப் போரையொட்டி, ராடார் கருவிகளை எங்கே நிறுத்துவது, கப்பற் கூட்டங்களை எப்படி அனுப்புவது என்று இங்கிலாந்தில் அறிவியலாளர் கணக்கிடத் தொடங்கியதில் வளர்ந்த துறை இது. அதன் ஒரு கிளைதான் வேலைகளை வரிசைப்படுத்தும் கணக்கு.

சிறு எடுத்துக்காட்டு ஒன்று கூறுகிறேன். மூன்று வேலைகள், ஒவ்வொன்றும் முதலில் துளையிடும் இயந்திரத்திற்கும், பிறகு வண்ணம் பூசும் இயந்திரத்திற்கும் செல்ல வேண்டும். ‘அ’ என்னும் வேலைக்குத் துளையிட 5 மணி, வண்ணத்திற்கு 2 மணி. ‘ஆ’வுக்கு 1 மணியும் 6 மணியும். ‘இ’க்கு 4 மணியும் 4 மணியும். அ, இ, ஆ என்னும் வரிசையில் செய்தால் எல்லாம் முடிய 19 மணி ஆகும். ஆ, இ, அ என்று திருப்பிப் போட்டால் 13 மணியில் முடிந்துவிடும். ஆள் அதே ஆள், இயந்திரம் அதே இயந்திரம், உழைப்பும் அதே உழைப்பு. வரிசை ஒன்று மாறியதால் 6 மணி மிச்சம். இரண்டு இயந்திரங்களுக்கு இவ்வாறு சிறந்த வரிசையைக் காணும் விதியை 1954-இல் வெளியிட்டவர் ஜான்சன் என்னும் அமெரிக்கக் கணித அறிஞர்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஆ, அ, இ என்று செய்தால் முடிவதற்கு 14 மணி ஆகும். 13-ஐவிட ஒன்று கூடுதல். ஆனால் ஒவ்வொரு வேலையும் முடியும் நேரங்களைக் கூட்டிப் பாருங்கள். முந்தைய வரிசையில் 7, 11, 13 என 31; இந்த வரிசையில் 7, 9, 14 என 30. கடைசி வேலை சீக்கிரம் முடிய வேண்டுமா, எல்லா வேலைகளும் காத்துக்கிடக்கும் மொத்த நேரம் குறைய வேண்டுமா என்பதைப் பொறுத்து விடையே மாறிவிடுகிறது. எதைக் குறைக்க வேண்டும் என்று கேட்பவர் யார் என்பதும் கணக்கிற்குள் வந்துவிடுகிறது. வரலாற்று ஆசிரியனாகிய எனக்கு இந்த இடம்தான் மிகவும் பிடித்தது.

மூன்று வேலைகளுக்கு வரிசைகள் ஆறே. பத்து வேலைகளுக்கு 36,28,800. இருபது வேலைகளுக்கோ, கணினி நொடிக்குப் பத்துக் கோடி வரிசைகளைச் சோதித்தாலும் எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாகும். இயந்திரங்கள் மூன்றானாலே, எப்போதும் விரைவில் சிறந்த விடை தரும் பொதுவழி கிடைப்பது அரிது என்று 1976-இல் காட்டிவிட்டார்கள். ஆகவே முற்றிலும் சிறந்ததைத் தேடாமல், மிக நல்லதை விரைவில் காணும் உபாயங்களை ஆய்வாளர்கள் தேடினார்கள்.

அவ்வாறு தேடியவர்களில் ஒருவர் சென்னை ஐ.ஐ.டி.யின் பேராசிரியராகப் பணியாற்றிய சந்திரசேகரன் ராஜேந்திரன். காத்திருக்கும் மொத்த நேரத்தைக் குறைப்பதற்கு 1993-இல் அவர் ஓர் உபாயத்தை வெளியிட்டார். 1997-இல் ஜெர்மனியின் பாஸாவ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹோல்தாவுஸ் என்பவரோடும், சீக்லர் என்பவரோடும் தனித்தனியே சேர்ந்து கட்டுரைகள் எழுதினார். 2004-இல் சீக்லரோடு எழுதிய கட்டுரை எறும்புகளைப் பற்றியது! உணவைக் கண்ட எறும்பு தான் வந்த வழியில் ஒரு மணத்தை விட்டுச் செல்லும். குறுக்கு வழியில் மணம் மிகும். பின்வரும் எறும்புகள் அதனைப் பற்றிச் செல்லும். இதனைக் கணினியில் போலச் செய்யும் முறையை இத்தாலியில் டொரிகோ என்பவர் 1990-களின் தொடக்கத்தில் உருவாக்கியிருந்தார். ராஜேந்திரனும் சீக்லரும் அதனை வேலை வரிசைக்கு ஏற்ப இரு வகையில் அமைத்தார்கள். டெய்லார்டு என்பவர் 1993-இல் வெளியிட்ட பொதுச் சோதனைக் கணக்குகளில் 90-ஐ எடுத்துக்கொண்டு, லியூவும் ரீவ்ஸும் 2001-இல் தந்திருந்த விடைகளோடு ஒப்பிட்டார்கள். 90-இல் 83 கணக்குகளுக்கு முன்னதைவிட மேலான விடை கிடைத்தது. அக்கட்டுரையைப் பின்வந்த ஆய்வாளர்கள் நூற்றுக்கணக்கில் மேற்கோள் காட்டியுள்ளனர். நம் ஊரிலிருந்து பேருந்தில் ஒரு பொழுதில் போய்த் திரும்பக்கூடிய இடத்தில் எழுதப்பட்ட ஆய்வு அது.

இனி மேற்கோள் என்றால் என்ன என்பதைப் பார்ப்போம். ஓர் ஆய்வாளர் கட்டுரையின் இறுதியில், தாம் யார் யாருடைய ஆய்வைப் பயன்படுத்தினார் என்று பட்டியல் தருவார். அப்பட்டியல்களையெல்லாம் திரட்டி, எந்தக் கட்டுரையை எவரெவர் சுட்டினர் என்று தலைகீழாகத் தொகுத்தவர் யூஜின் கார்பீல்டு என்னும் அமெரிக்கர். 1955-இல் அந்த யோசனையை வெளியிட்டு, 1964-இல் அறிவியல் மேற்கோள் அட்டவணையை அச்சிட்டுத் தந்தார். 2005-இல் ஹிர்ஷ் என்னும் இயற்பியலாளர் ஓர் அளவை வகுத்தார். ஒருவர் எழுதியவற்றில் பத்துக் கட்டுரைகள் குறைந்தது பத்து முறையேனும் சுட்டப்பட்டிருந்தால் அவருடைய எண் பத்து. இருபது கட்டுரைகள் இருபது முறையேனும் சுட்டப்பட்டிருந்தால் இருபது. வேலைக்கும் பதவி உயர்வுக்கும் இன்று இவ்வெண்ணைப் பார்க்கிறார்கள்.

இவ்வெண்ணை நான் வணங்கவும் இல்லை, இகழவும் இல்லை. தன்னைத் தானே சுட்டிக்கொள்பவர் உண்டு. நண்பர்கள் ஒருவரையொருவர் சுட்டிக்கொள்வதும் உண்டு. மருத்துவத் துறையின் எண்ணையும் கணிதத் துறையின் எண்ணையும் ஒரே தராசில் வைத்தல் தகாது. ஆனால் ராஜேந்திரனின் துறையில் மேற்கோளுக்கு ஒரு நேர்மை இருக்கிறது. 1998-இல் வூவும் யிம்மும், 2003-இல் பிராமினானும் லைஸ்டனும் புதிய உபாயங்களைக் கொண்டுவந்தபோது, முன்னோர் உபாயங்களோடு ஒரே கணக்குகளில் மோதவிட்டு, வென்றதைச் சொன்னார்கள். வெல்லப்பட்டவர் பெயரும் அங்கே நிற்கிறது. பின்னால் வருபவன் முந்திச் செல்வதற்காகவாவது முன்னவனைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும்.

டாக்டர் அம்பேத்கர் அவர்கள் தமது இருபத்தைந்தாம் வயதில், 1916 மே 9 அன்று, கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் இந்தியாவில் சாதிகள் பற்றிய கட்டுரையைப் படித்தார். செனார்ட், நெஸ்பீல்டு, ரிஸ்லி, கேத்கர் ஆகியோர் சாதிக்குத் தந்த இலக்கணங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டி, ஒவ்வொன்றின் குறையையும் சொன்ன பின்னரே தம் கருத்தை வைத்தார். மறுப்பதற்கும் மேற்கோள் வேண்டும் என்பதை அங்கே காண்கிறோம். ஆனால் நம்மவரைப் பிறர் அவ்வாறு பெயர் சொல்லி மறுத்தார்களா? அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழைத் தொடங்கி, 1914-இல் மறையும் வரை எழுதினார். அவர் எழுத்துகள் தொகுதிகளாக வந்தது 1999-இல். இடைப்பட்ட எண்பத்தைந்து ஆண்டுகளில் எழுதப்பட்ட வரலாற்று நூல்கள் பலவற்றில் அவர் பெயர் அடிக்குறிப்பிலும் இல்லை. மறுப்பாரும் இலர், சுட்டுவாரும் இலர்.

இது பழைய கதை என்று எண்ணாதீர்கள். நம் பகுதிப் பெண் ஒருத்தி, பெயர் வேண்டா, முதுகலைக்காக ஓராண்டு உழைத்துத் திரட்டிய கணக்குகள், பின்னர் வேறொருவர் பெயரில் கட்டுரையாக வந்தன. அவள் பெயர் நன்றி சொல்லும் இடத்திலும் இல்லை. அவள் என்னிடம் அக்கட்டுரையைக் கொண்டுவந்து காட்டியபோது, தன் கையெழுத்தில் இருந்த அட்டவணை அச்சில் இருப்பதை விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். எனக்கு ஆறுதல் கூறத் தெரியவில்லை. தேதியிட்ட குறிப்பேடு இருந்திருந்தால் நாங்கள் வழக்காடியிருப்போம்.

ஆகவே மேற்படிப்பில் இருப்போர்க்குச் சில சொற்கள். நாள்தோறும் செய்ததைத் தேதியிட்டு எழுதி வையுங்கள். கட்டுரையில் யார் பெயர், எந்த வரிசையில் என்பதை வேலை தொடங்கும்போதே பேசிவிடுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டா. இன்னொன்று, நம் பெயரைப் பற்றியது. நமக்கு வால்பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்துத்தான் உண்டு. அது நமக்குப் பெருமை. ஆனால் வெளிநாட்டு அட்டவணைகள் தந்தை பெயரைக் குடும்பப் பெயராகக் கொண்டு, ஒருவர் கட்டுரைகளை இருவர் பேரில் பிரித்துவிடும், சி. ராஜேந்திரன் என்று பத்துப் பேர் இருந்தால் பதின்மரையும் ஒருவராக்கிவிடும். முதற் கட்டுரையிலேயே ஒரு வடிவத்தை முடிவு செய்து கடைசி வரை அதனையே எழுதுங்கள். ஆய்வாளர்க்குத் தனி எண் தரும் ஆர்கிட் என்னும் ஏற்பாடு 2012 முதல் கட்டணமின்றிக் கிடைக்கிறது, அதனைப் பெற்றுக்கொள்ளுங்கள்.

பேருந்து நிறுத்தத்தில் கேட்ட என் மாணவனுக்கு விடை சொல்லிவிட்டேன். “அந்தக் கணக்கை நான் போட முடியுமா ஐயா?” என்று அடுத்த கேள்வி கேட்டான். அதற்காகவே வரும் ஞாயிறு மாலை சங்கப் படிப்பகத்தில் கணித ஆசிரியர் ஐந்து வேலை, இரண்டு இயந்திரக் கணக்கைக் கரும்பலகையில் எழுதவிருக்கிறார். இரவுப் பணி முடித்து வருவோரும் கலந்துகொள்ளும் வண்ணம் நான்கு மணிக்கு வைத்திருக்கிறோம். தாளும் பென்சிலும் கொண்டு வாருங்கள்.