படித்தவர்கள் யார் பக்கம்?

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



படித்தவர்களில் பலர் முதலாளித்துவத்தைச் சாடுகிறார்கள். ஏன்? ஜோசப் ஷும்பீட்டர் என்ற பொருளாதார அறிஞர் 1942-ல் ஒரு விடை சொன்னார். முதலாளித்துவமே கல்வியைப் பெருக்கி, எழுதவும் பேசவும் வல்ல ஒரு கூட்டத்தை உண்டாக்குகிறது. காரியங்களை நடத்தும் நேரடிப் பொறுப்பு அவர்களுக்கு இல்லை. ஆகவே குறை காண்பதே அவர்கள் தொழிலாகிறது என்றார். இதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் கூலி போதாது என்பது புத்தகத்தில் பிறந்த குறையல்ல. பால் வாளி சுமந்த தோளுக்கு அது தெரியும்.

நமக்கு வேண்டிய கேள்வி வேறு. நமக்காகப் பேசும் அறிவாளியை எதைக் கொண்டு அளப்பது?

லண்டனில் சிட்னி வெப், பியாட்ரிஸ் வெப் என்ற தம்பதியர் இருந்தார்கள். பேபியன் சங்கத்தின் தூண்கள் அவர்கள். 1894-ல் தொழிற்சங்கங்களின் வரலாற்றை எழுதினார்கள். சங்கம் முதலாளியோடு பேசிச் சம்பளத்தை முடிவு செய்வதற்குக் 'கூட்டுப் பேரம்' என்று பெயர் தந்தவர் அந்த அம்மையார்தாம். நாம் அவருக்குக் கடன்பட்டவர்கள்.

அதே தம்பதியர் 1932-ல் சோவியத் நாட்டைப் பார்த்துவந்து, 1935-ல் 'சோவியத் கம்யூனிசம்: ஒரு புதிய நாகரிகமா?' என்று நூல் வெளியிட்டார்கள். 1937-ல் மறுபதிப்பு வந்தபோது கேள்விக்குறியை எடுத்துவிட்டார்கள்! 1932–33 பஞ்சத்திலோ அங்கே பல லட்சம் உழவர்கள் மாண்டிருந்தார்கள். சங்கங்கள் அங்கும் இருந்தன. ஆனால் கட்சியின் சொல்லை மீறி வேலைநிறுத்தம் செய்ய இயலாது.

எதிர்த்தரப்பு மட்டும் தூயதா? சமதர்மம் சுதந்திரத்தை அழிக்கும் என்று எழுதிய ஹாயெக், 1977-ல் சிலி நாட்டுக்குப் போய்ப் பினோசேயைச் சந்தித்தார். அந்த ஆட்சிக்குப் பரிந்தும் பேசினார். 1973-ல் ஆட்சியைப் பறித்துத் தொழிற்சங்கங்களை நசுக்கிய படைத்தலைவர் அவர்!

ஆகவே தோழர்களே, இடதா வலதா என்று மட்டும் பார்த்தால் போதாது. அவர் புகழும் நாட்டில் ஒரு தொழிலாளி 'முடியாது' என்று சொல்லிவிட்டு அச்சமின்றி வீடு திரும்ப முடியுமா? அதுவே நம் அளவுகோல். ஆபீசில் பேனா பிடிக்கும் கிராணிமாராகிய எங்களையும் அதைக் கொண்டே அளந்து பாருங்கள்.

அறிஞர்களின் நூல்களைப் படிப்போம். பிள்ளைகளையும் படிக்க வைப்போம். ஆனால் கேள்விக்குறியை மட்டும் எவரிடமும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

ஓங்குக தொழிலாளர் ஒற்றுமை!