குரலுக்குக் கட்டுப்படுவது எது?

("பேசும் ஸ்பீக்கரால் குடும்பத்துக்குக் கிடைத்தது வசதியே! வம்பே!" என்ற தலைப்பில் அலங்காநல்லூரில் நடந்த பட்டிமன்றத்தில், 'வம்பே' என்ற அணியில் மூன்றாவதாகப் பேசிய அம்மையாரின் உரை.)



முதல்ல ஒரு எச்சரிக்கை. அந்தப் பெட்டிக்கு ஒரு பேரு உண்டு. அந்தப் பேரை நான் இந்த மேடையில சொல்லப் போறதில்லை. மரியாதையில இல்லைங்க, பயத்துல! நான் இங்க பேரைச் சொன்னா, இதை டிவியில பார்க்கிற வீட்டுல எல்லாம் அது "என்ன, கூப்பிட்டீங்களா?"ன்னு முழிச்சுக்கும். (சிரிப்பு)

சிரிக்காதீங்க, நடந்திருக்கு. 2017 ஜனவரி மாசம், அமெரிக்காவுல சான் டியேகோ நகரத்துல டிவியில ஒரு செய்தி சொல்றாங்க. டெக்சாஸ்ல ஒரு சின்னப் பொண்ணு அந்தப் பெட்டிகிட்ட பொம்மை வீடு கேட்டுச்சாம், அதுவும் ஆர்டர் போட்டிருச்சாம். செய்தி சொன்னவரு அந்தப் பொண்ணு சொன்னதை அப்படியே சொல்லிக் காட்டினாரு. அவ்வளவுதான்! அதைக் கேட்ட பெட்டிகள் பொம்மை வீடு வாங்கக் கிளம்பிருச்சுன்னு பார்த்துக்கிட்டிருந்த வீடுகள்ல இருந்து புகார் மேல புகார். அதே வருஷம் ஏப்ரல்ல பர்கர் கிங் கம்பெனி இதையே வியாபாரமாக்கிட்டாங்க. விளம்பரத்துல ஒருத்தர் கேமராவைப் பார்த்து கூகுள் பெட்டியைக் கூப்பிட்டு "எங்க பர்கர்னா என்ன?"ன்னு கேட்டாரு. வீட்டுல இருக்கிற பெட்டி விக்கிப்பீடியாவை எடுத்து வச்சுக்கிட்டு படிக்க ஆரம்பிச்சிருச்சு. நம்ம வீட்டு நாய்கூட டிவியில எவனோ கூப்பிட்டா போகாதுங்க! (கைதட்டல்)

எதிரணி நண்பர் மூணு சொன்னாரு. சத்தம் பிரமாதம், மாட்டுறது சுலபம், வாயைத் திறந்தா வேலை நடக்கும். மூணையும் நான் வீட்டுல வச்சுப் பார்த்தவ. எங்க கொழுந்தனார் சிங்கப்பூர்ல இருக்காரு. அம்மா பகல் பூரா தனியா இருக்காங்களே, பேச்சுத் துணைக்கு ஆகட்டும்னு ஒண்ணு வாங்கி அனுப்பினாரு. எந்தக் கம்பெனின்னு கேட்காதீங்க, நான் சண்டைக்கு வரலை.

சத்தத்தை எடுத்துக்குவோம். ஒரு தேங்காய் மூடி அளவு இருக்கு. அந்த அளவுக்குப் பார்த்தா நல்லாத்தான் இருக்கு, பொய் சொல்ல மாட்டேன். பாட்டுல குரல் தெளிவா வருது, செய்தி கணீர்னு கேட்குது. ஆனா இளையராஜா பாட்டு கேட்டுப் பாருங்க. நம்ம பண்ணைப்புரத்துக்காரர் கீழே ஒரு பேஸ் கிடாரை ஓட விட்டிருப்பாரு பாருங்க, அதுக்குன்னே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்பாங்க. அதைக் காணோம்! உறுமி மேளத்தைப் போட்டா உறுமல் போயி முனகலா வருது. தவில்ல வலந்தலை கேட்குது, தொப்பி கேட்கலை. என்ன காரணம்? கனமான சத்தம் வரணும்னா உள்ளே இருக்கிற கூம்பு நிறையக் காத்தைத் தள்ளணும். தேங்காய் மூடிக்குள்ள இருக்கிற கூம்பு எவ்வளவு காத்தைத் தள்ளும்? அந்தக் காலத்து மர்பி ரேடியோ, பிலிப்ஸ் ரேடியோவெல்லாம் ஏன் சின்ன பீரோ மாதிரி மரப்பெட்டியில வந்துச்சு? அழகுக்கு மட்டும் இல்லைங்க. அந்த மரப்பெட்டியும் சேர்ந்துதான் பாடுச்சு. இலங்கை வானொலியில கே.எஸ்.ராஜா பேசினா, அப்துல் ஹமீது பேசினா, அவங்க நம்ம வீட்டுத் திண்ணையிலயே உட்கார்ந்து பேசுற மாதிரி இருக்குமே!

நடுவர்: ஏம்மா, பெரிய பெட்டியும் விக்கிறாங்களே?

விக்கிறாங்க ஐயா. விலையும் பெட்டியோட சேர்ந்து பெருசாகுது. (சிரிப்பு) சின்னப் பெட்டிக்கு ஒரு யோசனை சொல்றேன், காசு கிடையாது. நட்ட நடு மேசையில வைக்காதீங்க. சுவர் ஓரமா, மூலைக்குப் பக்கத்துல வைங்க. கனமான சத்தம் கொஞ்சம் கூடும். சத்தத்துக்கு நான் போடுற மார்க் நூத்துக்கு அறுபது. அடுப்படிக்குப் போதும், கல்யாண வீட்டுக்குப் போதாது.

அடுத்தது, மாட்டுறது சுலபமாம்! பழைய ரேடியோவுக்கு ரெண்டு பேட்டரி, ஒரு திருகு. இதுக்கு முதல்ல ஒரு ஸ்மார்ட்போன் வேணும். அந்தப் போன்ல ஒரு ஆப் இறக்கணும். அதுக்கு ஒரு ஈமெயில், ஒரு பாஸ்வேர்டு. அப்புறம் வைஃபை, அதுக்கு ஒரு பாஸ்வேர்டு. எங்க வீட்டு வைஃபை பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும்? கேபிள்காரத் தம்பிக்குத்தான் தெரியும்! (சிரிப்பு) அவரு அன்னைக்குன்னு பார்த்து வாடிப்பட்டிக்குப் போயிட்டாரு. ரெண்டு நாள் அது ஷோகேஸ்ல பொம்மையா இருந்துச்சு. அதோட முடிஞ்சதா? கரண்டு போயி வந்தா வைஃபை எழுந்திருக்கணும், அது எழுந்த பிறகு இது எழுந்திருக்கணும். நெட் இல்லைன்னா மணி என்னன்னு கேட்டாக்கூட பதில் வராது. ஏன்னா, தன் பேரைக் கேட்டு முழிக்கிற அளவுக்குத்தான் பெரும்பாலும் அந்தப் பெட்டிக்குள்ள மூளை. அதுக்கு மேல நாம பேசுறது எல்லாம் நெட் வழியா கம்பெனியோட கம்ப்யூட்டருக்குப் போயி, அங்க புரிஞ்சு, பதில் திரும்பி வருது.

இங்க பெரியவங்க இருக்கீங்க. 1980கள் வரைக்கும் வீட்டுல ரேடியோ வச்சிருந்தா தபால் ஆபீஸ்ல லைசென்ஸ் பணம் கட்டணும், ஞாபகம் இருக்கா? அது நாம கேட்கிறதுக்கு வாங்கின லைசென்ஸ். இப்ப ஆப்ல "சம்மதம்"னு ஒரு பட்டனைத் தட்டுறோமே, அது நம்மளை அவங்க கேட்கிறதுக்கு நாம கொடுக்கிற லைசென்ஸ்! (கைதட்டல்) நான் மிகைப்படுத்தலைங்க. 2023 மே மாசம் அமெரிக்க அரசாங்கம் அமேசான் கம்பெனி மேல வழக்குப் போட்டுச்சு. குழந்தைங்க பேசின பேச்சைப் பதிவு பண்ணிக் காலாகாலத்துக்கும் வச்சிருக்கீங்க, பெத்தவங்க அழிக்கச் சொல்லியும் முழுசா அழிக்கலைன்னு. கம்பெனி தப்பை ஒத்துக்கலை, ஆனா ரெண்டரைக் கோடி டாலர் கட்டுறதுக்குச் சம்மதிச்சுச்சு. பெட்டி மேல மைக்கை நிறுத்துற பட்டன் ஒண்ணு இருக்கு. வாங்கினவங்க தயவுசெய்து அது எங்க இருக்குன்னாவது பார்த்து வச்சுக்குங்க.

இப்ப மூணாவது, குரல். ஐயா, என் வழக்கே இதுதான்.

பெட்டி வந்த மறுநாள் எங்க அத்தை, அதான் என் மாமியார், குளிச்சு விபூதி பூசிக்கிட்டு வந்து, எதிர்ல உட்கார்ந்து, "ஏத்தா, ஒரு முருகன் பாட்டுப் போடுத்தா"ன்னாங்க. எவ்வளவு மரியாதை பாருங்க! என்னைக்கூட அப்படிக் கேட்டதில்லை. (சிரிப்பு) பெட்டி பேசாம இருந்துச்சு. பையன் அதோட பேரைச் சொல்லி எழுப்பிவிட்டான். அத்தை மறுபடி கேட்டாங்க. அது "சாரி"ன்னு ஆரம்பிச்சு இங்கிலீஷ்ல என்னமோ சொல்லுச்சு. அத்தை என்னைத் திரும்பிப் பார்த்து, "ஏத்தா, இது எதுக்கு என்கிட்ட சாரி கேக்குது? தீபாவளிக்கா?"ன்னாங்க. (பலத்த சிரிப்பு)

சிரிச்சாச்சு. அதுக்கப்புறம் நடந்ததைக் கேளுங்க. பேரன் பாட்டிக்கு வாத்தியாரானான். காலண்டர் தாள் பின்பக்கம், பாட்டு போடுறதுக்கு, நிறுத்துறதுக்கு, மணி கேட்கிறதுக்கு எல்லாம் இங்கிலீஷ் வாக்கியத்தைத் தமிழ் எழுத்துல எழுதி சுவத்துல ஒட்டினான். எழுபத்திரண்டு வயசுல எங்க அத்தை கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, அதைப் பார்த்து எழுத்துக் கூட்டி வாசிக்கிறாங்க. பாதி வாசிக்கிறதுக்குள்ள அது தூங்கிருது. மறுபடியும் பேரைச் சொல்லி எழுப்பணும். மகன் தன் அம்மாவுக்குன்னு காசு போட்டு வாங்கின பொருள். அந்த அம்மா அதுகிட்ட பரீட்சை எழுதுறாங்க! அந்தப் பெட்டிக்கு யாருங்க உரிமையாளர்? காசு கொடுத்தவரா, அதுக்குப் புரியிற பாஷை பேசுறவரா?

எதிரணியில சொல்லுவாங்க, தமிழ் கஷ்டமான மொழிம்மா, மிஷினுக்கு வராதுன்னு. வருதே! 2017 ஆகஸ்டுலயே கூகுள், தமிழ்ல பேசினா எழுத்தா மாத்துற வசதியைக் கைபேசியில கொண்டுவந்தாச்சு. தமிழ்ல பேசுறவங்க கம்மின்னு சொல்லுவாங்களா? 2011 கணக்கெடுப்புல இந்தியாவுல மட்டும் தமிழ்தான் தாய்மொழின்னு பதிஞ்சவங்க 6 கோடியே 90 லட்சம் பேரு. இத்தாலி நாட்டோட மொத்த ஜனத்தொகையே சுமார் 6 கோடிதான். அமேசான் பெட்டி 2018லயே இத்தாலி மொழி பேசிருச்சு. (இந்தப் பேருக்கும் எழுந்திருக்கிற மாதிரி வச்சுக்கலாமாம். அப்படி வச்சிருக்கிறவங்க டிவி சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சுக்குங்க.) இந்தியாவுக்கு அது 2017 அக்டோபர்ல வந்துச்சு, இங்கிலீஷோட. 2019 செப்டம்பர்ல இந்தி படிச்சுது. எங்க வீட்டுக்கு வந்த பெட்டியோட மொழிப் பட்டியலை மேல இருந்து கீழ வரைக்கும் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். தமிழ் இல்லை. தமிழ்ப் பாட்டுப் போடும், ஆனா தமிழ்ல கேட்டா போடாது. இது முடியாததுனால வந்த குறை இல்லைங்க, யாரு முதல்ல, யாரு கடைசியிலன்னு உட்கார்ந்து எழுதினவங்களால வந்த குறை.

கண் தெரியாதவங்களுக்கு, கை கால் வராதவங்களுக்கு இது வரம்னு எதிரணியில முதல்ல பேசின சகோதரி சொன்னாங்க. சத்தியமான வார்த்தை. படுத்த இடத்துல இருந்து சொன்னாலே விளக்கு எரியுது, ஃபேன் சுத்துதுன்னா அது சின்ன விஷயமா? நானும் கையெடுத்துக் கும்பிடுறேன். ஆனா அம்மா, அந்த வரம் இங்கிலீஷோ இந்தியோ தெரிஞ்ச நோயாளிக்கு மட்டும்தானா?

குரலுக்குக் கட்டுப்படுறதுன்னா என்னன்னு அலங்காநல்லூர்ல வந்து பாடம் எடுக்கிறாங்களே, அதுதான் எனக்கு ஆச்சரியம்! தை மூணாம் நாள் இங்க வாடிவாசல்ல இருந்து ஒரு காளை வெளிய வருது. ரெண்டு பக்கமும் ஆயிரக்கணக்கான ஜனம். குழாய் ஒலிபெருக்கியில வர்ணனை. அந்தக் குழாய்ல பாட்டு நல்லா இருக்காது, ஆனா பேச்சு அடுத்த ஊரு வரைக்கும் போகும். இத்தனை சத்தத்துக்கு நடுவுல திமிலைத் தொட விடாம சுத்திச் சுத்தி விளையாடுற காளை, எல்லையைத் தாண்டி ஓடி, வளர்த்தவங்க ஒரு குரல் கொடுத்தா அப்படியே நிக்கிறதைப் பார்க்கிறோமா இல்லையா? வாடிவாசலா இருந்தாலும் சரி, கீழக்கரையில 2024 ஜனவரியில திறந்த பெரிய அரங்கமா இருந்தாலும் சரி, அது தேடுறது தன் வீட்டுக் குரலை. அத்தனை பேரையும் மிரட்டின மாட்டை, வீட்டுல ஒரு சின்னப் பொண்ணு கயித்தைப் பிடிச்சுத் தொட்டிக்குக் கூட்டிக்கிட்டுப் போகுது. (கைதட்டல்) அமெரிக்காவுல 2014ல வந்த முதல் பெட்டிக்கு ஏழு மைக்கு வச்சிருந்தாங்க. எந்த மைக்குல சத்தம் முதல்ல விழுதுன்னு கணக்குப் போட்டு, பேசுறவங்க எந்தப் பக்கம்னு கண்டுபிடிக்கும். கெட்டிக்காரத்தனம்தான். எங்க வீட்டுப் பெட்டிக்கு எத்தனை மைக்கோ, மிக்சியைப் போட்டா காது அவுட்டு! மாட்டுக்கு ரெண்டே காது ஐயா.

நடுவர்: அம்மா, நேரம் ஆச்சு.

ஒரே நிமிஷம் ஐயா. போன ஐப்பசியில, நல்ல மழை. நான் பள்ளிக்கூடத்துல, பிள்ளைங்க டியூஷன்ல. அத்தை கொல்லைப்புறத்துல துணி எடுக்கப் போயி வழுக்கி விழுந்துட்டாங்க. கால் எழும்பலை. ஆபத்துன்னா வாயால சொன்னாலே மகனுக்குப் போன் போகும்னு பெட்டியில ஏற்பாடு பண்ணி வச்சிருந்தோம். பெட்டி இருந்த ரூம்பு பத்தடியில, கதவு திறந்துதான் இருக்கு. அந்த நேரத்துல காலண்டர் தாள்ல எழுதின இங்கிலீஷா வாயில வரும்? "ஏத்தா, யாராவது வாங்கத்தா"ன்னுதான் கத்தியிருக்காங்க. பெட்டிக்கு அது வெறும் சத்தம். பக்கத்து வீட்டு அக்கா, குட்டிச்சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தவங்க, மழைச் சத்தத்துலயும் காதுல வாங்கி, சுவரைத் தாண்டிக் குதிச்சு வந்து தூக்கினாங்க. கால் சுளுக்குத்தான், பத்து நாள்ல நடந்துட்டாங்க.

இப்ப அந்தப் பெட்டி அடுப்படியில இருக்கு. பேரன் பாட்டுக் கேட்கிறான், நான் சோடா உப்புப் போட்டு அஞ்சு நிமிஷம் ஊற வைக்கணும்னா மணி வைக்கச் சொல்றேன். அந்த வேலையை நல்லா செய்யுது. அத்தை மட்டும் அதுகிட்ட பேசுறதில்லை. கொழுந்தனார் போன வாரம் போன் பண்ணி, "அம்மா, பெட்டி நல்லா பேசுதா?"ன்னு கேட்டாரு. "பேசுதுப்பா, நீ எப்ப வர்ற?"ன்னாங்க.

அடுத்து எதிரணியில பேச வர்றவர்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டு உட்கார்ந்துக்கிறேன். ராத்திரி ரெண்டு மணிக்கு எங்க அத்தை "ஏத்தா"ன்னு கூப்பிட்டா, உங்க வசதி என்ன செய்யும்? அதுக்கு மட்டும் பதில் சொல்லிட்டு நீங்க பேச்சைத் தொடங்குங்க. (நீண்ட கைதட்டல்)