எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே வகுப்பறை
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பெங்களூரில் வாழும் நம் பிள்ளைகள் வீட்டில் தமிழும், தெருவில் கன்னடமும், பள்ளியில் ஆங்கிலமும் பயில்கின்றனர். ஒரு பிள்ளை எழுத்துக்கூட்டித் தடுமாறினால், ‘மந்தம்’ என முடிவு கட்டுவோர் சிலர். ‘மொழி புதிது, போகப் போகச் சரியாகும்’ என ஆண்டுகளைக் கடத்துவோர் சிலர். இரண்டும் பிள்ளைக்குத் தீங்கே. உண்மையை ஆய்ந்தறிய வழிகாட்டுபவரே சிறப்புக் கல்வி ஆசிரியர்.

தமிழில் ‘க’ என்பது ஓரெழுத்தே. கன்னடத்தில் அவ்விடத்தில் நான்கு எழுத்துகள் உள. தமிழ்ப்பிள்ளை அவற்றை மாற்றி எழுதுவது பழக்கக்குறையாகலாம். நன்கு கற்பித்த பின்னரும், தமிழ் உட்பட எம்மொழியிலும் எழுத்தும் ஒலியும் இணையாது நிற்பின், கற்றல் குறைபாடு உண்டோ என ஆராய வேண்டும். அது சோம்பலும் அன்று, அறிவின்மையும் அன்று. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிடும் 21 வகைகளுள் அதுவும் ஒன்று.

பிள்ளையைத் தனியறைக்கு அழைத்துச் சென்று கற்பிப்பதோடு இவ்வாசிரியரின் பணி முடிவதில்லை. பார்வை குன்றிய சிறுவன் இருப்பதால், கரும்பலகையில் எழுதுவதை வாய்விட்டுப் படிக்குமாறு வகுப்பாசிரியரிடம் கூறுவார். செவிப்புலன் குன்றிய சிறுமிக்காக, முகம் காட்டிப் பேசுமாறு கூறுவார். எழுதக் கை வராத பிள்ளையிடம் விடையை வாய்மொழியாகக் கேட்கச் செய்வார். ‘இவன் உங்கள் மாணவன்’ என்று வகுப்பாசிரியர் ஒதுங்கிக்கொண்டாலோ, ஒரே கூரையின்கீழ் இரண்டு பள்ளிகள் தோன்றிவிடும்!

இத்தகைய பிள்ளைகளுக்குத் தொடக்க வகுப்புகளில் 10 பேருக்கு ஒருவரும், மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவருமாகச் சிறப்பாசிரியர் வேண்டும் என 2022இல் ஒன்றிய அரசு அளவு வகுத்தது. அளவு ஏட்டில் உள்ளது. அதனைப் பள்ளிக்குக் கொணர, கேட்போர் வேண்டும். கட்டணம் எவ்வளவு, பேருந்து வருமா என்று கேட்கும் நாம், ‘சிறப்புக் கல்வி ஆசிரியர் உளரா?’ என்றும் கேட்போமாக.

தாய்மார்களே! அவ்வாசிரியர் தமிழ் அறியாதவராக இருக்கலாம். பிள்ளை வீட்டில் கதை சொல்லும் திறத்தையும், தமிழ் படிக்கும் முறையையும் நீங்களே அவரிடம் எடுத்துரையுங்கள். அச்சான்றைத் தரவல்லவர் உங்களையன்றி வேறு யாவர்?

‘ஊரார் என்ன சொல்வரோ’ என அஞ்சி அப்பிள்ளைகளை வீட்டில் விட்டுவராதீர்கள். அடுத்த ஆண்டு இவ்விழாவில் அவர்களும் நம்மிடையே அமர்ந்திருக்கக் காண்போமாக!