பிசினுக்குள் ஒரு நண்டு
(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"ஐந்து நிமிஷம், தொழில் பற்றிப் பேசு" என்றார்கள். நான் நண்டைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்காதீங்க, கடைசியில் நம்ம தொழிலுக்கே வந்துவிடுவேன்.

மியான்மரின் கச்சின் பகுதியில் அம்பர் வெட்டி எடுக்கிறார்கள். அம்பர் என்றால் கெட்டிப்பட்ட பழைய மரப்பிசின். அதில் சிக்குவது பெரும்பாலும் பூச்சிதான். ஆனால் ஒரு துண்டில் நண்டு! கால்களை விரித்தால் 5 மில்லிமீட்டர். வயது சுமார் 10 கோடி வருஷம். 2021 அக்டோபரில் ஹாவியர் லூக்கே, லீதா ஷிங் குழுவினர் இதற்கு 'கிரெட்டாப்சரா அதனாட்டா' என்று பெயர் வைத்தார்கள். கிரெட்டேசியஸ் காலத்து அப்சரஸ், சாகாதவள் என்று பொருள்.

வெல்டிங்கை அறுக்காமல் எக்ஸ்ரே எடுத்துக் குறை பார்க்கிறோம் இல்லையா? அதே வித்தைதான். மைக்ரோ சி.டி. கருவியில் துண்டைச் சுழற்றிச் சுழற்றிப் படமெடுத்து, கம்ப்யூட்டரில் முழு உருவமாகச் சேர்த்தார்கள். கண், உணர்கொம்பு, வாயோரத்து மெல்லிய முடி, செவுள்கூடத் தெரிந்தது. செவுள் இருப்பதால் முழுக்கத் தரைவாசி இல்லை. அம்பரில் கடல் மணலும் இல்லை. ஆகவே நன்னீரிலோ உப்பங்கழியிலோ வாழ்ந்திருக்கலாம் என்கிறார்கள்.

இதிலென்ன பெரிசு? நண்டுகள் கடலைவிட்டு வெளியேறி 12.5 கோடி வருஷத்துக்கு மேலாச்சு என்று மரபணுக் கணக்கு சொன்னது. கையில் இருந்த கடல்சாரா நண்டுப் புதைபடிவங்களோ 7.5 கோடி வருஷத்தைத் தாண்டவில்லை. நடுவிலிருந்த பள்ளத்தில் இந்தக் குட்டி நண்டு ஒரு தூணாக நிற்கிறது.

இனி நம்ம தொழில். கச்சினில் உள்நாட்டுச் சண்டை. 2017-இல் ராணுவம் அம்பர் சுரங்கப் பகுதியைக் கைப்பற்றியது. அதன்பின் வாங்கிய மியான்மர் அம்பரை வைத்து எழுதும் கட்டுரைகளை வெளியிட வேண்டாம் என்று தொல்லுயிர் அறிஞர் சங்கம் ஒன்று 2020-இல் ஆய்விதழ்களைக் கேட்டுக்கொண்டது. இந்தத் துண்டு 2015-லேயே ஒரு சீன அருங்காட்சியகத்துக்கு வந்துவிட்டது. ஆனாலும் ஒன்று பாருங்க: செவுளைக் காட்டிய ஸ்கேன், அந்தக் கல்லை யார், என்ன நிலையில் தோண்டினார்கள் என்று காட்டாது. அதை மனுஷன்தான் கேட்க வேண்டும்.

நாமும் கம்பிக்கு டெஸ்ட் சர்டிபிகேட் கேட்கிறோம். மணல் எந்த ஆற்றிலிருந்து வந்தது, ஜல்லி எந்த மலையை உடைத்தது என்று எத்தனை பேர் கேட்கிறோம்? இங்கே இருக்கும் தம்பி தங்கைகள் முதல் வேலையிலிருந்தே கேட்டுப் பழகுங்கள். கேட்பவரைத் தொல்லை என்பார்கள், பரவாயில்லை.